கதவு திறக்கும் லாரி

என் மகள் யு.கே.ஜி. படித்தபோது இருந்த வாட்ஸ்அப் குரூப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்தப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ‘ஆக்டிவிட்டி’ உண்டு. காகிதத்தில் மீன், காகிதத்தில் ஆந்தை, காகிதத் தட்டில் மயில். வீட்டிலேயே செய்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். சாயந்திரம் குரூப்பில் போட்டோ வந்து விழும். ஐந்து வயதுப் பிள்ளைகள் ஆளுக்கொரு மயிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எல்லா மயிலும் ஒரே அச்சு. தோகையில் ஜிகினா, முகத்தில் உருளுகிற பிளாஸ்டிக் கண். கீழே அம்மாக்கள் கைதட்டுகிற படமாகப் போட்டுத் தள்ளுவார்கள். மயிலைச் செய்ததும் அவர்கள்தான், கைதட்டியதும் அவர்கள்தான்.

வியாழக்கிழமை சாயந்திரங்களில் அரியலூர் கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். பொறுமை இல்லாதவர்களுக்குச் செய்தே கொடுக்கிற கடையும் உண்டு. “யு.கே.ஜி. மயிலு ஒண்ணு குடுங்க” என்று கேட்டால் போதும், பலகாரம் எடுத்துக் கொடுப்பது மாதிரி எடுத்துக் கொடுப்பார்கள்.

என் மகளின் மயில் மட்டும் ஒருநாளும் குரூப்பில் வந்ததில்லை. அவள் மயிலுக்குத் தோகை முன்பக்கம் இருந்தது. “ஏண்டி இங்க ஒட்டுற?” என்றேன். “பின்னாடி இருந்தா மயிலுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். அப்படியே அனுப்பி வைத்தேன்.

அது என் திமிர் என்று குரூப்பில் சிலர் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. திமிர்தான். நான் பெரம்பலூரில் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். வேலை கிடைக்கவில்லை, அது வேறு கதை. ஆனால் பிள்ளை தானே கிழிக்க வேண்டும், தானே கசக்க வேண்டும், தானே ஒட்ட வேண்டும், விரலுக்குப் பலம் வந்தால்தான் பென்சில் நிற்கும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தது மட்டும் மறக்கவில்லை. அதனால் வீட்டில் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். கெட்டி அட்டையை நான் வெட்டித் தருவேன், மற்றதெல்லாம் அவள் பாடு. பழைய கல்யாணப் பத்திரிகைகள், கிழித்த காலண்டர் தாள்கள், பிஸ்கட் டப்பா, நூல்கண்டு தீர்ந்த அட்டைச் சுருள் எல்லாம் ஒரு பையில் இருக்கும். பசை தீர்ந்துவிட்டால் சோற்றுப் பருக்கையை வைத்து நசுக்கி ஒட்டுவாள். எறும்பு வரும். வரட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்த வருஷம் கண்காட்சி வைத்தார்கள். தலைப்பு வாகனங்கள். ஒருத்திக்கு ரயில், ஒருத்தனுக்கு விமானம் என்று பிரித்துக் கொடுத்தபோது என் மகள் எழுந்து நின்று லாரி கேட்டு வாங்கியிருக்கிறாள். அவள் வகுப்பு மிஸ் வாசலில் என்னைப் பார்த்து, “மேடம், பாப்பாவுக்கு லாரி குடுத்துருக்கேன். கொஞ்சம் நீட்டா பண்ணிக் குடுங்க மேடம். பெரிய சார் வேற பாப்பாரு” என்றாள். பெரிய சார் என்றால் பள்ளியின் தாளாளர். மிஸ் சின்னப் பெண்தான், கல்லூரி முடித்து ரொம்ப நாள் ஆகியிருக்காது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஏன் லாரி என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். இவளுக்கு மூன்று வயது இருக்கும்போது வளைகுடாவுக்கு டிரெய்லர் ஓட்டப் போய்விட்டார். இங்கே இருந்தவரைக்கும், லோடு இறக்கிவிட்டு வரும்போது தெருமுனையில் வண்டியை நிறுத்துவார். இவளைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துச் செந்துறை ரோட்டில் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். முகமெல்லாம் வெள்ளைப் புழுதியோடு இறங்குவாள். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக அவளுக்கு அப்பா என்றால் என் போன்தான். கண்காட்சிக்கு முதல்நாள்தான் அவர் லீவில் ஊருக்கு வருவதாக இருந்தது. அப்பாவுக்குக் காட்டத்தான் அந்த லாரி.

ஒரு வாரம் உட்கார்ந்து செய்தாள். பிஸ்கட் டப்பாவின் மேல் மஞ்சள் பத்திரிகைத் தாளை ஒட்டினாள். சக்கரங்களைக் காலண்டர் தாளைச் சுருட்டிச் சுருட்டிச் செய்தாள். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஒன்று முட்டை வடிவம். லாரியின் தலைமேலும் ஒரு சக்கரம் ஒட்டினாள். அது ஸ்டெப்னியாம். முன்னால் பச்சைத் தாளைக் கசக்கி எலுமிச்சம்பழம் தொங்கவிட்டாள். கல்லுக்குப் பதில் கசக்கிய காகித உருண்டைகள். லாரி ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. “லோடு ஜாஸ்தி” என்றாள்.

ஆனால் விஷயம் கதவில் இருந்தது. டிரைவர் பக்கக் கதவை மட்டும் என்னை மூன்று பக்கம் வெட்டித் தரச் சொன்னாள். திறந்து மூடலாம். உள்ளே ஒரு காகித அப்பா. தலை உடம்பைவிடப் பெரிசு, கறுப்புத் தாளில் வெட்டிய மீசை காதுவரைக்கும் போனது. பக்கத்து சீட்டில் இரட்டைச் சடை போட்ட ஒரு பொம்மை, சிவப்பு ரிப்பன் வைத்தது. அது அவள்.

“நான் எங்கடி?” என்றேன்.

“நீ வூட்டுல சோறாக்கிட்டு இருக்க.”

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் பொய் சொன்னாள் என்று சொல்ல முடியாது.

அவர் வீடியோ காலில் வரும்போதெல்லாம் லாரியைத் துண்டு போட்டு மூடிவிடுவாள். அப்பாவே வந்து, அப்பாவே கதவைத் திறக்க வேண்டும். போட்டோ எடுக்கவும் விடவில்லை. அப்பா போனுக்குள்தானே இருக்கிறார், பார்த்துவிடுவாராம். அவள் பேச்சைக் கேட்டு நானும் எடுக்கவில்லை. அந்த ஒரு படம் என் கையில் இருந்திருக்கக் கூடாதா என்று இப்போதும் தோன்றும்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்துவிடச் சொன்னார்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். மிஸ் இரண்டு கையாலும் வாங்கினாள். லாரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “சரிங்க மேடம்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவர் வந்தார். திருச்சியில் இறங்கி வீடு வந்து சேர்ந்தபோது, முதலில் இவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். போனில் அத்தனை பேச்சுப் பேசுகிறவள், ஆளாக வந்து நிற்கும்போது பக்கத்தில் போகவில்லை. அவர் முகம் வாடிப்போனது. சாக்லேட் கொடுத்தார், பேசும் பொம்மை கொடுத்தார், வாங்கிக்கொண்டு திரும்ப என் பின்னால் வந்துவிட்டாள். ராத்திரி படுக்கும்போதுதான் அவர் காதருகே போய், “நாளைக்கு ஸ்கூல்ல ஒண்ணு இருக்கு. ஒனக்குத்தான்” என்று சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கை அணைத்தேன்.

காலையில் பள்ளி வாசலைத் தாண்டியதும் அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நீள மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் பளபளவென்று இருந்தது. ரயில், பஸ், ஆம்புலன்ஸ் என்று ஒவ்வொன்றையும் தாண்டிப் போனாள். கடைசிவரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். அவர் சிரித்துக்கொண்டே கூடவே அலைந்தார்.

அவர்தான் கண்டுபிடித்தார். “ஏ, இந்தா இருக்கு பாரு! ஒம் பேரு போட்டுருக்கு” என்றார்.

அது ஒரு சிவப்பு லாரி. ஃபோம் ஷீட்டில் ஸ்கேல் வைத்து வெட்டியது. ஒரே அளவுச் சக்கரங்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஜிகினா. முன்னால் என் மகளின் பெயர், அழகான கையெழுத்தில். அவளுக்குத் தன் பெயரைப் படிக்கத் தெரியும். படித்தாள். பிறகு கையை நீட்டி, கதவு இருக்கிற இடத்தில் நகத்தை வைத்து நெம்பினாள். கதவு ஸ்கெட்ச் பேனாவில் போட்ட வெறும் கோடு. மறுபடியும் நெம்பினாள்.

“பாப்பா, தொடக்கூடாது, பிஞ்சிரும்” என்று மிஸ் ஓடிவந்தாள்.

நான் அந்தப் பெண்ணை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. “எம் பொண்ணு செஞ்ச லாரி எங்க மிஸ்?”

“மேடம், அது கோணலா இருந்துச்சுங்க. சக்கரம் வேற ஒண்ணு கழண்டுருச்சு. எறும்பு மொய்க்குதுன்னு ஆயாம்மா சொன்னாங்க. எல்லாரோடதும் நல்லா இருக்கையில பாப்பாவோடது மட்டும் அப்படி இருந்தா பாப்பாவுக்குத்தானே கஷ்டம்? அதான் நானே வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி உக்காந்து செஞ்சேன்.”

“பழசு எங்க?”

“ஆயாம்மா குப்பையோட போட்டுட்டாங்க மேடம்.”

பள்ளிக்குப் பின்னால் குப்பையைக் கொளுத்துவார்கள் என்பது ஊருக்கே தெரியும். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தப் பெண் கண் சிவந்து நின்றாள். என் மகளுக்காகத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறாள். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்திருப்பேன். நல்ல மனசோடு செய்து தொலைத்திருக்கிறாள், அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

திரும்பி வந்தால், அவர் மேசை முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து லாரியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. “இவ்வளவு நல்லாச் செஞ்சிருக்கு பாரேன் எந்தங்கம். அப்பா ஓட்டுற வண்டின்னு செஞ்சிருக்கு பாரு. ரூம்ல எல்லார்ட்டயும் காட்டணும்” என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் மகள் லாரியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “ஏங்க, இது இவ செஞ்சது இல்லைங்க. இவ செஞ்சதத் தூக்கிப் போட்டுட்டாங்க. இது மிஸ் செஞ்சது” என்றேன்.

அவர் எழுந்தார். போனைச் சட்டைப் பையில் போட்டார். லாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முதல்நாள் வாசலில் வாடியதே, அதே மாதிரி அந்த முகம் மறுபடியும் வாடியது.

என் மகள் அதைப் பார்த்தாள்.

“இல்லப்பா. நான்தான் செஞ்சேன். அம்மாவுக்குத் தெரியாது.”

அவர் அவளை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டார். அவளும் ஊருக்கு வந்த அப்பாவின் கழுத்தை முதல் தடவையாகக் கட்டிக்கொண்டாள். தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். அழவில்லை. நான் மேற்கொண்டு ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பார்த்தாள். நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபின் அவரிடம் தனியாக எல்லாவற்றையும் சொன்னேன். கதவை, மீசையை, இரட்டைச் சடையை, எல்லாவற்றையும். கேட்டுவிட்டு, “விடு புள்ள. கொழந்தையே தான் செஞ்சேங்குது, நீ ஏன் அத அழ வைக்கப் பாக்குற?” என்றார். இரண்டு வருஷம் கழித்து வந்த மனுஷனிடம் இதற்காகச் சண்டை போட்டேன். அப்புறம் சோறாக்கப் போய்விட்டேன்.

லீவு முடிந்து போகும்போது அந்தச் சிவப்பு லாரியை ஊறுகாய் பாட்டிலுக்கும் முறுக்கு டப்பாவுக்கும் நடுவில் துணி சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். இப்போது அவர் ரூமில் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு வீடியோ காலிலும் அவர் தலைக்குப் பின்னால் தெரியும். ஜிகினா இன்னும் உதிரவில்லை. மிஸ் நல்ல பசை போட்டுத்தான் ஒட்டியிருக்கிறாள்.

என் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. பத்திரிகைகளும் காலண்டர் தாள்களும் போட்ட பை பரணில் கிடக்கிறது. அதை எடு என்று அவள் கேட்பதில்லை. நானாக எடுத்துப் போட்டாலும், “கோணலா வரும்மா” என்று எழுந்து போய்விடுகிறாள்.

போன வாரம் அவர் வீடியோ காலில் வந்தபோது, “தங்கம், அப்பா அடுத்த லீவுக்கு வரப்போ என்ன செஞ்சு வைக்கப் போற?” என்று கேட்டார். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, லாரியைத் துண்டு போட்டு மூடுவாளே, அதே துண்டைக் கொடியிலிருந்து இழுத்துப் போனின் மேல் போட்டு மூடினாள். என் பக்கம் குனிந்து, அப்பாவுக்குக் கேட்டுவிடாதபடி மெதுவாகக் கேட்டாள்:

“அம்மா, நீ என்ன செஞ்சு குடுப்ப?”