ஏழாம் நம்பர் லயத்துக்கு ஒரு வலைத்தளம்

கம்யூனிகேஷன் கடை வைத்திருப்பவனிடம் ஊர் எதை வேண்டுமானாலும் கேட்கும். தெரியாது என்று சொல்லும் உரிமை மட்டும் அவனுக்குக் கிடையாது.

பூண்டுலோயா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பதினோரு வருடமாக இந்தக் கடையை நடத்துகிறேன். போட்டோ கொப்பி, லேமினேட்டிங், ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம். போதாக்குறைக்கு நுவரெலியாவில் ஒரு தங்கு விடுதிக்கும் ஒரு மரக்கறி வியாபாரிக்கும் வலைத்தளம் செய்து கொடுத்த தைரியத்தில் "இங்கு வெப்சைட் செய்து தரப்படும்" என்று போர்டும் மாட்டிவிட்டேன். என்னைப் போலவே கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அவதிப்படும் சக கடைக்காரர்களே, அந்த போர்டால் வந்த வினையைக் கேளுங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

பூவுக்கு நடுவில்

ஒரு நாள் பாடசாலை விட்டு மூன்று பெண் பிள்ளைகள் வந்தார்கள். மூவரும் உயர்தர வகுப்பு, தோட்டப் பாடசாலையின் கணினிக் கழகம். தலைவி தர்ஷினி. கூட வந்த நிரோஷாவும் கவிதாவும் அதிகம் பேசவில்லை. கொப்பியும் பேனாவுமாக நான் சொல்வதை எழுதத் தயாராக நின்றார்கள். வலைத்தளத்தை அவர்களே செய்து முடித்துவிட்டார்கள். அதை இணையத்தில் ஏற்றி வைக்க ஒரு ஹோஸ்டிங் வேண்டுமாம். எது நல்லது என்று கேட்டார்கள்.

தளம் ஒரே ஒரு பக்கம்தான். அவர்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வரும் கடிதம் எல்லாம் தோட்ட ஆபீஸுக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து யாராவது அந்தப் பக்கம் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்தால் உண்டு. தர்ஷினியின் அக்காவுக்குத் தாதியர் பயிற்சிக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்திருக்கிறது. ஆபீஸில் கிடந்து, நேர்முகம் முடிந்து நான்காம் நாள் கைக்குக் கிடைத்திருக்கிறது. அந்த அக்கா இப்போது கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறார். இனி அப்படி யாருக்கும் ஆகக் கூடாது என்று, ஆபீஸில் யாருக்குக் கடிதம் வந்திருக்கிறது என்ற பட்டியலை அன்றாடம் போடுவதற்காக இந்தப் பக்கம். ஆசிரியர் பயிற்சிக்கான கல்வியியற் கல்லூரி நேர்முகக் கடிதங்கள் வரத் தொடங்குவதற்கு முன்னால் அது ஒழுங்காக ஓட வேண்டும்.

எனக்கு வேலையைச் சுருக்கிக்கொள்ளும் பழக்கம் உண்டு. இதற்கு எதற்கு வலைத்தளம், ஒரு வாட்ஸ்அப் குரூப் போதுமே என்றேன். தர்ஷினி யோசிக்கக்கூட இல்லை.

"குரூப்புல போட்டா, குட் மோர்னிங் பூவுக்கு நடுவுல லெட்டர் காணாமப் போயிரும்ணே."

எந்த மாதம் முடியும்?

சரி என்று என் அறிவுப் பெட்டகத்தைத் திறந்தேன். நான் வழக்கமாக எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்று இருக்கிறது. அளவில்லாத இடம், அளவில்லாத வேகம், அளவில்லாத இது, அளவில்லாத அது என்று அவர்கள் பக்கத்தில் எழுதியிருந்ததை ஒரு விற்பனையாளனைப் போல வாசித்துக் காட்டினேன். தர்ஷினி திரையில் கீழே போய், எறும்பு எழுத்தில் இருந்த நிபந்தனைகளை வாசிக்க ஆரம்பித்தாள். நான் பதினோரு வருடத்தில் ஒரு தரம்கூட அங்கே போனதில்லை.

அங்கேதான் விஷயம் இருந்தது. சலுகை விலை மூன்று மாதத்துக்குத்தான், அதன் பிறகு பிள்ளைகளால் கட்ட முடியாத விலை. நிரோஷா விரல் விட்டு எண்ணினாள். மூன்றாவது மாதம், சரியாகக் கல்லூரிக் கடிதங்கள் வரும் காலத்தில் முடிகிறது. அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு தர்ஷினி சொன்னாள்:

"லெட்டர் வர்ற மாசத்துல சைட்டு நின்டுபோச்சுன்னா, அப்பறம் எங்களுக்கும் ஆபீஸுக்கும் என்னண்ணே வித்தியாசம்?"

நானாவின் கார்ட்

அடுத்தது இலவசமாகத் தருவதாகச் சொல்லும் ஒரு கம்பனி. எல்லாம் சும்மா, ஆனால் வங்கி அட்டையின் எண்ணைக் கொடுத்தால்தான் கணக்கே திறக்கும். எங்கள் வரிசையில் வெளிநாட்டுக்குச் செல்லுபடியாகும் அட்டை வைத்திருப்பவர் பக்கத்துத் துணிக்கடை நானா ஒருவர்தான். பிள்ளைகள் காரியம் என்றதும் அளந்துகொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அப்படிப்பட்ட மனிதர் அவர். இந்தத் தெருவில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் வந்து நிற்பவர்.

எண்ணைத் தட்டப் போகும்போது தர்ஷினி, "கொஞ்சம் இருங்கண்ணே" என்று தடுத்தாள். இலவசக் காலம் முடிந்த பிறகு, நாம் நிறுத்தச் சொல்லும் வரை அவர்கள் அட்டையிலிருந்து தாமாகவே பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று கீழே எழுதியிருந்ததை நானாவுக்கு வாசித்துக் காட்டினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானா அட்டையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்துக் கேட்டார்:

"சும்மா குடுக்கிறவனுக்கு எதுக்கு மகள் என்ட கார்ட்டு?"

மடுவத்தில் ஒரு பரீட்சை

தேடித் துழாவி அட்டை கேட்காத மூன்று கம்பனிகளை எடுத்தோம். இரண்டு வெளிநாடு, ஒன்று கொழும்பு. மூன்றிலும் பக்கத்தை ஒரு மாதிரிப் பட்டியலோடு ஏற்றி என் கடை வைஃபையில் திறந்து பார்த்தேன். மூன்றும் படீர் படீர் என்று திறந்தன. எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொன்னேன். கவிதா அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்து, சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்துக்கு வர முடியுமா என்று கேட்டாள்.

கடையை நானாவின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். அந்த இடத்தில் சிக்னல் ஒரு கோடு காட்டும்; காற்றடித்தால் அதுவும் போய்விடும். தர்ஷினியின் அம்மாவின் கையில் திரை வெடித்த பழைய போன். பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, அது திறப்பதற்குள் எத்தனை பேருக்குக் கொழுந்து நிறுத்தாகிறது என்று பிள்ளைகள் எண்ணினார்கள். இந்தப் பக்கத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இவர்கள்தான், பார்க்கப் போகிற இடமும் நேரமும் இதுதான். எனக்குத் தோன்றாத யோசனை அது. முதல் கம்பனிக்கு நாலு பேர் நிறுத்துப் போன பிறகும் திரை வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவது, இரண்டு பேருக்குள் வந்துவிட்டது. ஆனால் ஏதோ விளையாட்டு விளம்பரம் பட்டியலை மறைத்துக்கொண்டு குதித்தது. மூன்றாவதான கொழும்புக் கம்பனியைத் திறக்கும்போது அம்மாவின் முறை வந்துவிட, போனை மகளிடம் நீட்டிவிட்டுச் சாக்கை இறக்கினார். திரும்பிப் பார்த்தால் பட்டியல் தெரிகிறது. கணக்குப்பிள்ளை அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, அந்த அம்மா அசையாமல் நின்று தீர்ப்பை மாற்றி எழுதினார்:

"இதையே எடுங்க. நான் சாக்க எறக்கி வைக்கிறதுக்குள்ள தொறந்துருச்சு."

கிளாக்கர் ஐயாவின் காலை நேரம்

கொழும்புக் கம்பனி கிடைத்தது. ஆனால் பட்டியலுக்குப் பெயர் வேண்டுமே. தோட்ட ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிளாக்கர் ஐயா பிள்ளைகளைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். ஆபீஸைப் பற்றிப் புகார் எழுதத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். நான் சமாதானம் பேசப் போய், "ஐயா, கடிதங்கள் தாமதமாவதால்" என்று தொடங்கி அவர் கோபத்தை இரண்டு மடங்காக்கினேன்.

தர்ஷினி தாமதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. காலையிலிருந்து எத்தனை பேர் ஜன்னலில் வந்து "ஐயா, லெட்டர் இருக்குங்களா?" என்று கேட்டார்கள் என்று மட்டும் விசாரித்தாள். அவர் பெருமூச்சு விட்டார். பட்டியல் போனிலேயே தெரிந்தால் கடிதம் உள்ளவர்கள் மட்டும்தான் வருவார்கள், மற்றவர்கள் வந்து தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்றாள். பெயரும் லய நம்பரும் மட்டும் போடுவோம், யார் அனுப்பியது என்பது அவரவர் வீட்டு விஷயம் என்பதையும் சொன்னாள். கிளாக்கர் ஐயா கடிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு என்னைத்தான் முறைத்தார்.

"இத மொதல்லயே இப்புடி சொல்லியிருந்தா நானே எழுதிக் குடுத்துருப்பேனே!"

வீதியின் பெயர்

கம்பனியின் பாடசாலைத் திட்டத்தில் மூன்று வருடம் இலவசம். ஒரே ஒரு நிபந்தனை. விண்ணப்பித்தவர் உண்மையான ஆள்தானா என்று பார்க்க, ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். முப்பது நாளுக்குள் அந்த எண்ணைத் தளத்தில் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் பக்கம் அழிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. அதற்குள் கல்லூரிக் கடிதங்களின் காலம் போய்விடும்.

விண்ணப்பப் படிவம் வீட்டு இலக்கம் கேட்டது. வீதியின் பெயர் கேட்டது. லயத்துக்கு ஏது வீதி? தர்ஷினி "ஏழாம் நம்பர் லயம், நாலாம் காம்பரா" என்று தட்டினாள். லயத்தில் அவள் வீட்டார் குடியிருக்கும் அறை அது; கடிதம் ஆபீஸுக்குத்தான் போய்ச் சேரும். இந்த ஒரு கடிதத்துக்காவது என் கடை முகவரியைக் கொடு, தபால்காரர் நேரே கையில் கொடுப்பார் என்று கெஞ்சினேன். நிரோஷாவும் என் பக்கம் சாய்ந்தாள். தர்ஷினி அசையவில்லை. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

"எங்க அட்ரஸுக்கு லெட்டர் வந்து சேரணும்னுதானேண்ணே இந்த வேலையே செய்றோம். நாங்களே ஒங்க கடை அட்ரஸ குடுத்தா எப்புடி?"

இருபத்தொன்பதாம் நாள்

ஒரு வாரம், இரண்டு வாரம். பக்கம் தற்காலிகமாக ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மாறி மாறி ஆபீஸுக்குப் போய்ப் பட்டியல் போட்டார்கள். ரகசிய எண் மட்டும் வரவில்லை. மூன்றாம் வாரக் கடைசியில் தவணைப் பரீட்சை வந்துவிட்டது. அதனால் கிளாக்கர் ஐயாவுக்கே பெயர் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டார்கள். தர்ஷினியின் அம்மா போனை ஓஃப் பண்ணி ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். நானும் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. நான் பார்க்காததற்குப் பரீட்சையும் இல்லை, பெட்டியும் இல்லை, சோம்பல்தான்.

இருபத்தொன்பதாம் நாள் காலை கடை போன் அடித்தது. பக்கத்தின் அடியில் தொடர்புக்கு என் எண்தான் இருந்தது. பேசியது தர்ஷினியின் அக்கா, கொழும்பிலிருந்து. தங்கச்சியின் பெயர் பட்டியலில் வந்து நாலு நாள் ஆகிறதாம். நாலு நாளாக வீட்டுக்கு அடித்தும் லைன் கிடைக்கவில்லையாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நன்றிகூடச் சொல்லாமல், நீங்கள் ஏன் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறீர்கள், உங்களுக்கு ஏதாவது கடிதம் வர இருக்கிறதா என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். அந்தப் பெண் சொன்ன பதிலைக் கேட்டு, மேசையில் காத்திருந்த வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

"இல்லண்ணே, என் லெட்டர்தான் வந்து முடிஞ்சிருச்சே. வேற யாருக்கும் அப்புடி ஆயிரக் கூடாதுன்னு, டீ குடிக்கிற நேரத்துல ஒரு தடவ பாத்துருவேன்."

ஆபீஸ் ஜன்னலில்

அன்றைய வினாத்தாள் முடியும் வரை பாடசாலை வாசலில் ஓட்டோவோடு நின்றேன். மூவரையும் ஏற்றிக்கொண்டு தோட்ட ஆபீஸுக்கு ஓடினோம். வழியெல்லாம் தர்ஷினி விரல் விட்டு நாளை எண்ணிக்கொண்டே வந்தாள். என் முகவரியைக் கொடுத்திருக்கலாமோ என்று அவள் மனதில் ஓடியிருக்கும். நான் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்ட எனக்கு யோக்கியதையும் இல்லை.

கிளாக்கர் ஐயா ஜன்னலிலேயே உறையை நீட்டினார். அவருடைய போனிலேயே எண்ணைத் தட்டினோம். கணக்கு உறுதி செய்யப்பட்டது, மூன்று வருடத்துக்கு இடம் உங்களுடையது என்று திரையில் வந்தது. மூன்று பிள்ளைகளும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். அந்தப் பக்கத்தால் உரிய நேரத்தில் காப்பாற்றப்பட்ட முதல் கடிதம், அந்தப் பக்கத்துக்கு வந்த கடிதமேதான். கிளாக்கர் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பல வருடக் கணக்கைத் தீர்ப்பவர் போல எங்கள் நால்வரையும் வரிசையாகப் பார்த்தார்.

"லெட்டர் வந்த அன்னைக்கே நான் போட்டுட்டேன். நாலு நாளா வந்து எடுக்காதது நீங்கதான். இனிமே ஆபீஸ்ல லெட்டர் கெடக்குதுன்னு யாரும் பேசக் கூடாது, சொல்லிட்டேன்!"

இப்போதெல்லாம் நல்ல ஹோஸ்டிங் எது என்று கடைக்கு வந்து கேட்பவர்களை நான் நேரே ஏழாம் நம்பர் லயத்துக்கு அனுப்பிவிடுகிறேன். வீதியின் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.