பின்சீட்டு மரியாதை

சவுதியில், அல் கோபாரில் கார் ஓட்டிய காலத்தில் ஒரு வேலையை மட்டும் யாரும் சொல்லாமலே ஒழுங்காகச் செய்வேன். ஆபீசர் வருவது தெரிந்ததும் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொள்வேன். நம் ஆட்களுக்குப் பெரிய மனிதர் என்றால் பின்சீட்டுதான். முன்சீட்டில் வருபவர் டிரைவருக்கு மச்சானாக இருப்பார், இல்லையென்றால் வழிகாட்ட வந்தவராக இருப்பார்.

போன வருஷம் எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனியின் சார்பில் குழாய் வெல்டிங்கைச் சோதிக்க ஓர் அமெரிக்கர் வந்தார். கறுப்பினத்தவர், அறுபதைத் தாண்டியவர். முதல் நாள் ஓட்டல் வாசலில் பின்கதவைத் திறந்தேன். அவர் அந்தச் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவை மெல்லச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். மறுநாளும் திறந்தேன், மறுநாளும் சாத்தினார். அதற்கடுத்த நாள் நான் இறங்கவே இல்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை என்பதே உண்மை. பக்கத்தில் ஆபீசர் இருந்தால் வாய்விட்டு ஒரு கொட்டாவிகூட விட முடியாது. ஆனாலும் அவர் தொந்தரவு இல்லாத மனிதர். சைட் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே மணலைப் பார்த்துக்கொண்டு வருவார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போவேன். அப்படியே ஒரு மாதம் ஓடியது.

டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் மதுரைப் பக்கத்துக்காரர். ஒருநாள் சாயந்திரம் கூப்பிட்டு விட்டார்.

"என்னய்யா, கிளையண்ட் ஒனக்கு மாமனா மச்சானா? ஒம் பக்கத்துல உக்காந்து வர்றாராம்ல. சைட்டு பூராம் கேக்குறாய்ங்க."

"நான் என்னண்ணே பண்றது, அவராத்தான் உக்கார்றாரு."

"அவரா உக்காந்தா நீயா எந்திரிக்கச் சொல்லு. கிளையண்ட்டுன்னா பின்னாடிதான், கம்பெனி ரூல். நாளைக்குப் பின்னாடி ஏத்துற. இல்லைன்னா கலாஸ், கதை முடிஞ்சது, மறுபடியும் லேபர் பஸ்ஸுதான் ஒனக்கு."

கூலியாட்களை ஏற்றிப் போகும் லேபர் பஸ் எனக்குப் புதிதில்லை. ஆறு வருஷம் ஓட்டி முதுகு போன பிறகுதான் கார் கிடைத்தது. இன்னொரு முறை அதில் ஏறினால் டிஸ்க் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மறுநாள் காலை, கார் நகர்வதற்கு முன்பே, எனக்குத் தெரிந்த இங்கிலீஷை ஒட்டுப்போட்டுச் சொன்னேன். "சார், பேக் சீட் குட். ஏசி குட். கால் நீட்டலாம் சார்." கடைசி வார்த்தைகள் தமிழிலேயே வந்துவிட்டன.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போகச் சொல்லிக் கையைக் காட்டினார். ஊரைத் தாண்டியதும் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அவருடைய அம்மா அமெரிக்காவின் தெற்கே ஓர் ஊரில் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர். அந்த ஊர் பஸ்ஸில் முன்சீட்டெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு, கறுப்பர்களுக்குப் பின்சீட்டு. முன்வாசலில் காசைக் கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். சில நாள் அதற்குள் பஸ் போய்விடும். நடுவில் உட்கார்ந்திருந்தாலும் வெள்ளைக்காரர் ஏறினால் எழுந்துகொள்ள வேண்டும். ஒரு பெண் எழ மாட்டேன் என்றார், போலீஸ் பிடித்துப்போனது. அதன்பிறகு ஊரில் கறுப்பர் ஒருவரும் பஸ் ஏறவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தே வேலைக்குப் போனார்கள், சட்டம் மாறும்வரை. தலைவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா செருப்புக்குள் அட்டை வெட்டி வைத்து நடந்ததைச் சொன்னார்.

நான் கதவைத் திறந்துவிட்டது மரியாதைக்கு. அவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! நினைக்கவே கூச்சமாக இருந்தது.

எங்கள் வீடு விருத்தாசலம் பக்கத்தில், ஊர்த்தெருவை விட்டுத் தள்ளியிருக்கும் ஒரு காலனியில். எங்கள் டவுன் பஸ்ஸில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று போர்டெல்லாம் கிடையாது. படியில் பயணம் நொடியில் மரணம் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் அப்பா அந்த பஸ்ஸில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சீட்டு காலியாகக் கிடக்கும். அப்பா கம்பியைப் பிடித்தபடி முக்கால் மணி நேரமும் நின்றுகொண்டே வருவார். அவருக்கு நிற்பதுதான் பிடிக்கும் போல என்று நினைத்திருந்தேன்.

சைட் கேட்டுக்கு முன்னால் அமெரிக்கர் கேட்டார், உன்னிடம் யாராவது சொல்லச் சொன்னார்களா என்று. உன் வேலைக்குச் சிக்கல் என்றால் சொல், நான் பின்னால் போகிறேன் என்றார். பெல்ட்டில் கையும் வைத்துவிட்டார். ஆம் என்று ஒரு தலையசைப்பு போதும், முதுகு தப்பித்துவிடும்.

"நோ ப்ராப்ளம் சார்," என்றேன். வளைகுடாவில் தலை போகிற காரியத்துக்கும் நாங்கள் சொல்வது அதுதான்.

அவர் முன்சீட்டிலேயே இருக்க, கேட்டைத் தாண்டினோம். சூப்பர்வைசர் அங்கேதான் நின்றிருந்தார். அந்த வாரமே என் டியூட்டி மாறியது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பெருமையும் வரவில்லை. பழைய பஸ்ஸின் சாவியை வாங்கினேன், சீட்டில் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டேன், ஓட்டினேன். புது டிரைவரோடு அமெரிக்கர் எந்தச் சீட்டில் போனார் என்று விசாரிக்கக்கூட இல்லை. உடம்பு வலித்தது. மற்றபடி எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் போன் போட்டேன். மழையைப் பற்றிப் பேசினார். பிறகு நான் கேட்டேன்.

"எப்பா, டவுன் பஸ்ல சீட்டு கெடந்தாலும் நீ ஏம்ப்பா நின்னுக்கிட்டே வருவ?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"சும்மாதாம்ப்பா."

டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"உக்காந்தா, ஊர்க்காரன் எவனாவது ஏறுறப்ப எழுப்புவான். புள்ளைங்க முன்னாடி எந்திரிக்கணும். நாமளே நின்னுட்டா எவனும் எழுப்ப முடியாதுல்ல?" என்றார். உடனே குரல் மாறியது. "ஏன்டா, அங்க ஒன்ன எவனாவது எழுப்புனானா?"

"இல்லப்பா. என்னைய ஒருத்தர எழுப்பச் சொன்னாங்க. நான் எழுப்பல."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை. அப்பா அழுதுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை.