துணி அடைத்த இன்ஜின்

ஆலையில் அவளைத் தீக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி. உரசினால் பற்றிக்கொள்வாள். சட்டை தைக்கும் அந்த ஆலையில் ஊசி ஒடிந்தாலும், நூல் சிக்கினாலும், பெல்ட் அறுந்தாலும் ஓடிப்போய்ச் சரிசெய்கிற மெக்கானிக் அவள்தான். ஓடாத மெஷினை யாராவது கையால் தட்டிப் பார்த்தால் மட்டும் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. "அடிச்சா நீயே ஒழுங்கா பேச மாட்ட, அது எப்படிப் பேசும்?" என்று அந்த வரிசையே நிமிர்ந்து பார்க்கும்படி கத்துவாள். மேலாளராக இருந்தாலும் அதே கத்தல்தான்.

வீட்டில் நேர் எதிர். அவளுடைய வீட்டுக்காரர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷன். ஆனால் எதைச் சொன்னாலும் "விடு" என்பார். பக்கத்து வீட்டுக்காரன் குப்பையை இவர்கள் வாசலில் தள்ளினால், விடு. கடைக்காரன் அழுகிய தக்காளியைக் கட்டிக் கொடுத்தால், விடு. அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டே அவளுக்குப் பாதிக் கோபம் சேர்ந்தது என்று சொல்லலாம்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் மேல் ஆசை வந்தது. எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்ல வராது. ஆலையில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மெஷின்கள். எல்லாவற்றின் உள்ளும் அவள் கை போயிருக்கிறது. ஒன்றுகூட அவளுடையது இல்லை. யாருக்கும் அவசரமில்லாத ஒரு மெஷின், "ஆச்சா, ஆச்சா" என்று தலைக்கு மேல் யாரும் நிற்காத ஒரு மெஷின், தனக்கென்று வேண்டும் போல் இருந்தது. அவ்வளவுதான்.

அக்காள் கணவரிடம் அப்படி ஒன்று இருந்தது. மாமா டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். முன்னால் ஸ்கூல், பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவே தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகையில் ஒரே மாதிரி இரண்டு பழைய மோட்டார் சைக்கிள்கள். தயாரிப்பு நின்று வெகு காலமான வண்டி. கரும்பச்சை நிறம், உருண்டையான டாங்க், புல்லாங்குழல் மாதிரி நீண்ட சைலன்சர். ஒன்றை மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிக்கொண்டு போய் ஊர்க் கண்ணெல்லாம் தன் மேல் படும்படி நிறுத்துவார். இன்னொன்று தார்ப்பாய்க்கு அடியில் செத்துக் கிடந்தது.

"மாமா, அந்த ஓடாத வண்டியை எனக்குத் தர்றீங்களா?" என்று அவள் கேட்டபோது மாமா முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். பிறகு, அவளுடைய ஸ்கூட்டரை எட்டிப் பார்த்தார்.

அக்காள் மகள் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். போகவர வண்டி இல்லை. தீக்குச்சியின் ஸ்கூட்டர் கடிகாரம் மாதிரி ஓடும். அவள் கைபட்ட வண்டி வேறெப்படி ஓடும்? ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வது என்று பேச்சு முடிந்தது.

அவள் தார்ப்பாயை விலக்கிக் கிக்கரை மிதித்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

"ரொம்ப நாளா நிக்குதில்ல, உள்ள இறுகியிருக்கும்" என்றார் மாமா. "மத்தபடி எல்லாம் அப்படியே இருக்கு. ஒரு போல்ட்டுகூட நான் தொடல. கொஞ்சம் டீசல் ஊத்தி ஊற வெச்சு, கார்புரேட்டரைக் கழுவிப் போட்டா பாடும்."

"ஒருதடவை திறந்து பாத்துக்கட்டுமா?"

மாமாவின் முகம் சுருங்கியது. "என்னம்மா இது? வெளியாள்கிட்ட வாங்கற மாதிரி பேசற. நான் உனக்கு வெளியாளா?"

அக்கா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். "அவர் சொன்னா சரியா இருக்கும்டி" என்றாள்.

அந்த இடத்தில் தீக்குச்சி பற்றிக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக வெட்கப்பட்டாள். சொந்தக்காரரைச் சந்தேகப்பட்டோமே என்று கூசிப்போய், பையிலிருந்து எடுத்த ஸ்பேனரைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டாள். பின்னாளில் அவளை அதிகமாக எரித்தது அந்த வெட்கம்தான்.

வண்டியைக் குட்டி லாரியில் ஏற்றி வந்து, பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். வீட்டுக்காரர் சுற்றி வந்து பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. இனிமே துணியை எங்க காயப்போடறது?" என்றார். அதன் ஹாண்டில்பாரிலேயே மறுநாள் அவருடைய பனியன் காய்ந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பேருந்தில் நின்றுகொண்டே வேலைக்குப் போவதுகூட முதலில் அவளுக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தாள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் டீசலை ஊற்றினாள். பிஸ்டன் மேல் தேங்கி நின்று, துரு இளக வேண்டும். எட்டிப் பார்த்தாள். டீசலைக் காணோம். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அதுவும் போன இடம் தெரியவில்லை. தரையில் கசிவு இல்லை. டப்பாவில் இருந்த மீதியையும் கவிழ்த்தாள். வறண்ட மண்ணில் விட்ட மாதிரி குடித்துக்கொண்டே இருந்தது.

அவள் கை மெதுவாகி, நின்றது. மெஷினோடு பழகியவளுக்கு மனம் அப்போதே சொல்லிவிட்டது. இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டுமே. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கினாள். வட்டமாகப் பளபளக்க வேண்டிய பிஸ்டன் அங்கே இல்லை. சிலிண்டருக்குள் டீசலில் ஊறிய துணி திணித்திருந்தது. விரலை விட்டு இழுத்தாள். வர வர வந்துகொண்டே இருந்தது. அடியில் பிஸ்டனை ஆட்டும் கிராங்க் இருக்க வேண்டிய இடம் கிணறு மாதிரி காலி. பக்கவாட்டு மூடியைத் திறந்தால், கிக்கர் பல்சக்கரங்களுக்கு நடுவே ஒரு மரத்துண்டை அடித்துச் செருகியிருந்தது. வெறும் கூடு என்று தெரிந்துவிடக் கூடாதே என்று கிக்கரை அசையாமல் நிறுத்தி வைத்த ஆப்பு.

மாமாவின் வண்டி ஞாயிறுதோறும் எதனால் ஓடுகிறது என்று அவளுக்கு விளங்கியது. அவள் வாங்கிய வண்டியின் குடலை உருவித்தான் அது ஓடிக்கொண்டிருந்தது.

கோபம் வந்ததா என்றால், இன்னும் வரவில்லை. துணியை வாளியில் போட்டு அலசினாள். கறுப்பு இறங்க இறங்க நீலம் தெரிந்தது. நீலத்தில் வெள்ளைப் பூ. அக்கா அந்த வீட்டுக்குக் குடிபோனபோது தீக்குச்சி தன் கையால் தைத்துக் கொடுத்த ஜன்னல் திரை. ஓரத்தில் அவள் போட்ட இரட்டைத் தையல் இன்னும் பிரியாமல் இருந்தது.

அப்போதுதான் வந்தது.

"விடு" என்று ஆரம்பித்த வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சொல்லைப் பாதியிலேயே விழுங்கிவிட்டார். ஈரத்துணியை ஒரு பையிலும் மரத்துண்டையும் ஸ்பேனர்களையும் இன்னொரு பையிலும் போட்டுக்கொண்டு அவள் பேருந்து ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண் டீசல் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

டிரைவிங் ஸ்கூலில் ஞாயிறு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சாலை விதிப் படங்களுக்குக் கீழே பழக வந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மாமா கையில் குச்சி வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். அவளையும் அவள் பையையும் பார்த்ததும் குச்சி தாழ்ந்தது. அவளை வேகமாக வீட்டுப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"பிஸ்டன் எங்க மாமா?"

"எந்தப் பிஸ்டன்? எனக்கென்ன தெரியும்? நான் வாங்கினப்பவே அப்படித்தான் இருந்திருக்கும்."

"வாங்கினப்பவே என் திரைச்சீலையும் உள்ள இருந்துச்சா?" அடுப்படியிலிருந்து வந்த அக்காவின் காலடியில் அந்த ஈரத்துணியைப் போட்டாள்.

அக்கா துணியைப் பார்த்தாள். அதை எடுக்கக் குனியவில்லை. தெரியாதவள் முகம் அப்படி இருக்காது.

"நீயா கிழிச்சுக் குடுத்த?"

"பழைய துணி கேட்டாரு. குடுத்தேன்."

"எதுக்குன்னு தெரியுமா, தெரியாதா?"

அக்கா கணவரைப் பார்த்தாள். மாமாதான் பேசினார். குரலில் இப்போது பொய் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "ஆமா, எடுத்துப் போட்டேன். என்ன இப்போ? ரெண்டு வண்டியும் குடும்பத்துக்குள்ளதானே இருக்கு? என்னமோ கொலை பண்ணின மாதிரி வந்து நிக்கற. உனக்குப் பொழுதுபோக்குக்கு ஒரு வண்டி. என் பொண்ணுக்குக் காலேஜ் போக வண்டி. எது முக்கியம்?"

"ஸ்கூட்டரைச் சும்மா கேட்டிருந்தா குடுத்திருப்பேனே மாமா. அவ என் பொண்ணு மாதிரி. கேட்கறதுக்கு என்ன?"

"கேட்டு வாங்கற அளவுக்கு நாங்க ஒண்ணும் கெட்டுப்போயிடல."

அவள் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். கேட்டு வாங்கினால் கௌரவம் போய்விடும். ஏமாற்றி வாங்கினால் போகாது. இது என்ன கணக்கு? அக்காவின் பக்கம் திரும்பினாள். "அவரு செஞ்சது இருக்கட்டும். நான் திறந்து பாக்கறேன்னு சொன்னப்ப நீ அங்கதானே நின்ன? சரியா இருக்கும்டின்னு நீதானே சொன்ன?"

"பொண்ணு பஸ்ஸுல இடிபட்டுட்டுப் போறாளேன்னு..." அக்காவின் குரல் இறங்கியது. "விட்டுடேன்டி. ஒரு பழைய இரும்புக்காகவா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

தீக்குச்சி கத்தவில்லை. திரும்பி விறுவிறுவென்று டிரைவிங் ஸ்கூலுக்குள் நடந்தாள். பழக வந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"உங்க சார் பிரேக்கைப் பத்தி நல்லாச் சொல்லித் தருவாரு. ஆனா அவர்கிட்ட வண்டி ஏதும் வாங்கினா, பிரேக் உள்ள இருக்கான்னு திறந்து பாத்துக்குங்க" என்றாள். பையிலிருந்த மரத்துண்டை எடுத்து மேஜை மேல் டக்கென்று வைத்தாள். "எனக்கு இன்ஜினுக்குள்ள இதை வெச்சுக் குடுத்தாரு. கூடப் பிறந்தவளோட புருஷன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமா முகத்தில் ரத்தமில்லாமல் ஓடி வந்தார். "வீட்டு விஷயம், வீட்டு விஷயம்" என்று வகுப்பைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு, அவளிடம் பல்லைக் கடித்தார். "என்னதான் வேணும் உனக்கு?"

"நான் வாங்கினது வேணும். உங்க வண்டி இன்ஜினுக்குள்ள இருக்கு. இன்ஜினோட கழட்டிட்டுப் போறேன். என்னுதை எடுத்துக்கிட்டு உங்க கூட்டைத் திருப்பித் தந்துடறேன்."

"ஓ! தாராளமா. கழட்டத் தெரிஞ்சா எடுத்துட்டுப் போய்த் தொலை."

அவள் நிஜமாகவே செய்வாள் என்று அவர் நினைக்கவில்லை. அவள் கொட்டகைக்குள் போய், ஞாயிற்றுக்கிழமை வண்டியின் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். செயினைக் கழற்றினாள். கேபிள்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். சைலன்சர் முரண்டு பிடித்தது, அதைத் திட்டினாள். ஒரு போல்ட்டில் விரல் வழுக்கித் தோல் உரிந்தது, மாமாவைத் திட்டினாள். வகுப்பு முடிந்து போனவர்கள் சிலர் கொட்டகை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் எதிரில் அவளைத் தடுக்க மாமாவுக்கு வாய் வரவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கோ வெளியே போனார். அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். அதில் ஆடை கட்டியது. அவள் தொடவில்லை.

அவள் போனில் கூப்பிட்டபடி, வெயில் சாயும்போது வீட்டுக்காரர் குட்டி லாரியோடு வந்து சேர்ந்தார். ஒன்றும் கேட்காமல் இன்ஜினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "கனமா இருக்கே" என்றார். "உள்ள சரக்கு இருக்கு. கனமாத்தான் இருக்கும்" என்றாள் அவள். வழி முழுக்க அவர் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. அதற்காகவே அவருடைய பனியனை அன்றைக்கு அவளே துவைத்துப்போட்டாள்.

சொன்னபடி செய்தாள். கிராங்கையும் பிஸ்டனையும் எடுத்துத் தன் வண்டியின் கூட்டுக்குள் மாற்றினாள். மாமாவின் கூட்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தாள். திரைச்சீலையையும் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, அந்தக் கூட்டுக்குள்ளேயே வைத்துக் கொடுத்தனுப்பினாள். ஸ்கூட்டரைத் திருப்பிக் கேட்கவில்லை. அக்காள் மகளே ஒருநாள் அழுத முகத்தோடு வந்து சாவியை நீட்டினாள். "உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீ ஓட்டு. ஆயில் மட்டும் மாத்த மறக்காத" என்று தீக்குச்சி அவளை அனுப்பிவிட்டாள்.

மோட்டார் சைக்கிள் எளிதில் மசியவில்லை. கார்புரேட்டர் பொங்கியது. தீப்பொறி தரும் காயில் செத்தது. பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒவ்வொன்றாகத் தேடினாள். கோபம் கூடவே இருந்தது. பல நாள் அதுதான் அவளை ஆலையிலிருந்து வந்த களைப்போடு பின்கட்டில் உட்காரவைத்தது. மழைக்காலம் முடிந்த ஒரு விடுமுறை நாளில், உதைத்து உதைத்துக் கால் மரத்துப்போன பிறகு, அது இருமிக்கொண்டு உயிர் பெற்றது. பின்கட்டு முழுக்கப் புகை. காய்ந்துகொண்டிருந்த துணியெல்லாம் கறுத்தது. வீட்டுக்காரர் கைதட்டினார். அவளும் சிரித்தாள். ஆனால் இன்ஜினை அணைத்ததும் அந்தக் கோபம் அப்படியே பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. வண்டி ஓடினால் அது போய்விடும் என்று நம்பியிருந்தாள். போகவில்லை.

அவள் அந்த வண்டியில் வேலைக்குப் போக ஆரம்பித்துச் சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் அக்கா தனியாக வந்தாள். தீக்குச்சி கிளட்ச் கேபிளை இறுக்கிக்கொண்டிருந்தாள். துவைக்கும் கல்லின் மேல் அக்கா உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு எனக்குத் தெரியும்டி. தெரிஞ்சுதான் சொன்னேன்."

"அதுதான் எனக்கும் தெரியுமே."

"என்னோட பேசவே மாட்டியா?"

"இப்போ பேசிட்டுத்தானே இருக்கேன்."

"கோபம் போச்சா?"

"இல்ல." கேபிளை இழுத்துப் பார்த்தாள், இன்னும் தொய்வாக இருந்தது. "அவரு ஏமாத்தினது எனக்கு ஆறிப்போச்சு. அவரு அப்படித்தான். நீ பக்கத்துல நின்னது ஆறல. ஆறினா நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் சமாதானம் பேச வராத. சும்மா வர்றதுன்னா வா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்று தீக்குச்சி நினைத்தாள். அக்கா போகவில்லை. கல்லின் மேலேயே, காலை மடக்கி, வேலை முடிகிறவரை உட்கார்ந்திருந்தாள். தீக்குச்சி அவளைப் போகச் சொல்லவில்லை.