யதிராஜன் வாங்கி வந்த கேபிள்

பொறாமையில் ஸ்ரீரங்கத்திலேயே யதிராஜனை மிஞ்ச ஆள் கிடையாது. இதை அவரிடமே சொன்னால் கோபம் வராது. இரண்டாவது இடத்தில் யார் என்று கேட்பார். கோவிலில் கோஷ்டியில் நிற்கும்போது தனக்கு முன்னால் யாருக்குத் தீர்த்தம் கொடுத்தார்கள் என்பது, வீட்டுக்கு வந்து வேட்டி மாற்றிய பிறகும் அவர் மனசை அரித்துக்கொண்டிருக்கும். திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்குப் பிரிவில் வேலை. அங்கே பக்கத்து மேஜைக்காரருக்குப் புது நாற்காலி வந்தால் இவருக்கு முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும்.

இதெல்லாம் சில்லறைப் பொறாமை. பெரிய பொறாமை வீட்டுக்குள்ளேயே இருந்தது. மனைவி வேதவதி வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்ப்பவள். கொரோனா காலத்தில் உள்ளறைக்குப் போனவள், ஊரே வெளியே வந்த பிறகும் அங்கிருந்து வரவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புனேயில் யாரோ சொன்னதற்கு அவள் கலகலவென்று சிரிப்பது ஹால் வரை கேட்கும். இவர் சொல்லும் ஜோக்குக்கு "ம்" என்பாள். மகள் சென்னை ஹாஸ்டலுக்குப் போன பிறகு அந்த "ம்" மட்டும்தான் அவருக்கு மிச்சம்.

ஆனால் அவருக்கென்றும் ஒரு நாள் இருந்தது. மாதம் ஒருமுறை பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட்டை நிறுத்துவார்களே, அந்த ஷட்டவுன் நாள். கரண்ட் போனால் ரவுட்டர் போகும். ரவுட்டர் போனால் வேதவதியின் ஆபீஸ் போகும். அவள் லீவு சொல்லிவிடுவாள். இவரும் கல்லூரிக்கு ஏதாவது காரணம் சொல்லி லீவு போட்டுவிடுவார். அன்று அவள் நிதானமாகத் தளிகை பண்ணுவாள். சாத்தமுது கொதிக்கும்போதே பேச ஆரம்பித்தால், பிறகு கொல்லைக் கதவருகே காற்று வரும் இடத்தில் உட்கார்ந்து, மகள், மச்சினன், மாடி வீட்டுக்காரர் என்று பேசிக்கொண்டே இருப்பாள். தெருவே கரண்ட் இல்லை என்று சலித்துக்கொள்ளும் நாளில் யதிராஜன் முகம் மட்டும் மலர்ந்திருக்கும். இன்வெர்ட்டர் வாங்கலாம் என்று அவள் சொன்ன போதெல்லாம், பேட்டரி வைக்க இடமில்லை, ஆசிட் வாடை ஆகாது என்று அவர் தட்டிக்கழித்ததும் இதனால்தான்.

அதில் மண் விழுந்தது ஆசாத் வந்த அன்று. ஆசாத் இன்டர்நெட் கம்பெனி டெக்னீஷியன். ஒயர் மாற்ற வந்தவர் பேச்சுவாக்கில் வேதவதியிடம் சொன்னார்.

"கரண்ட் இல்லாட்டியும் ரவுட்டர் ஓடும் மேடம். உங்க லேப்டாப்ல யூஎஸ்பி இருக்குல்ல, அதுலேருந்தே எடுத்துக்கலாம். அதுக்குன்னு கேபிள் இருக்குங்க."

பையிலிருந்த ஒன்றை எடுத்து மாட்டியும் காட்டினார். ரவுட்டரில் விளக்கெல்லாம் எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்து மறுபடி அணைந்தது. "பத்த மாட்டேங்குது. வேற கேபிள் பாக்கணும்" என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யதிராஜன் மனசுக்குள் பெருமாளுக்கு நன்றி சொன்னார். வேதவதி சும்மா இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

"ஏன்னா, பாத்தேளா? என்ன மூளை அவருக்கு! இத்தனை வருஷமா நமக்கு இது தோணலையே."

'நமக்கு' என்று அவள் யாரைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியாதா? "எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சுதே, அதுக்குப் பேர் மூளையா?"

"முயற்சி பண்ணினாரோன்னோ? அடுத்த வாரம் வேற கொண்டுவரேன்னிருக்கார்."

அடுத்த வாரம் ஆசாத் வருவார், ரவுட்டர் ஓடும், வேதவதி வாய் நிறையப் பாராட்டுவாள். நினைக்க நினைக்க யதிராஜனுக்கு வயிறு எரிந்தது. மறுநாளே தில்லை நகருக்கு வண்டியை விட்டார். கடை கடையாக ஏறி இறங்கி, ஐந்து வோல்ட்டைப் பன்னிரண்டாக ஏற்றும் கேபிள் ஒன்றை வாங்கி வந்து, லேப்டாப்பின் டைப்-சி ஓட்டையில் செருகினார். விளக்குகள் எரிந்தன. எரிந்துகொண்டே இருந்தன.

"அட, நீங்களேவா கண்டுபிடிச்சேள்?"

அவருக்குத் தலைகால் புரியவில்லை. "ஆசாத்தை வர வேண்டாம்னு சொல்லிடு" என்றார்.

தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது ஷட்டவுன் நாள் காலையில்தான் உறைத்தது. லீவு போட்டாயிற்று. கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. உள்ளறைக் கதவு மட்டும் திறக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டார். "மை ஹஸ்பண்ட்தான் செட் பண்ணினார்" என்று யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷம் அவருக்கு ஒரு வாய்க் காபி குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. ஆசாத் மேல் பழி போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

மத்தியானம் அவள் "ஏன்னா!" என்று கூப்பிட்டாள். லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, கொல்லைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு ஓடினார்.

"சார்ஜ் தீரப்போறது. ரவுட்டரை வேற எதுலயாவது மாட்டினா நான் தாக்குப்பிடிச்சுடுவேன். உங்க காலேஜ் லேப்டாப் இருக்கோன்னோ?"

பையில்தான் இருந்தது, முழு சார்ஜோடு. காலேஜிலேயே வைத்துவிட்டேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும். கொஞ்ச நேரத்தில் அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவாள். பொய் வாய் வரை வந்தும்விட்டது.

அவர் தயங்குவதைப் பார்த்து வேதவதி போனை எடுத்தாள். "இல்லேன்னா விடுங்கோ. ஆசாத் பக்கத்துத் தெருவுலதான் இருக்காராம். அவர்கிட்ட பவர் பேங்க் இருக்கும்."

"அவர் எதுக்கு? இரு, கொண்டுவரேன்."

கொண்டுவந்து அவரே செருகினார். ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழுந்துகொண்டது. வேதவதி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள், கதவு சாத்திக்கொண்டது. யதிராஜன் தட்டில் சாதத்தைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தார். காற்று நன்றாகத்தான் வந்தது. அழுகைதான் வரும்போல இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்து, உள்ளறைக் கதவை லேசாகத் தள்ளி, தன் லேப்டாப்பில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று மெல்ல எட்டிப் பார்த்தார். சாயங்காலம் வரை தாராளமாகத் தாங்கும்.