பருத்திப்பூவுக்கு எத்தனை விநாடி

முப்பதுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் ஒரு விதைப்பண்ணையில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். பண்ணை அதிகாரி குடியானவர்களுக்காக ஒரு சிறு புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பருத்திப்பூவின் படம் ஒன்று வேண்டும். பூ எவ்வளவு பெரிதோ அதே அளவில், உள்ளிருக்கும் மகரந்தக் காம்புகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

"தை பிறப்பதற்குள் படம் வந்தால் உன்னை நிரந்தரம் செய்யச் சொல்லி எழுதுகிறேன். வராவிட்டால் எழுதக் காரணம் கிடையாது" என்றார்.

இருபத்தாறு நாள் இருந்தது. தினமும் காலையில் அதில் ஒன்றைக் கழித்துச் சொல்லிக்கொண்டே பல் துலக்கினேன்.

காமிராவைப் பண்ணை வாங்கித் தரும், தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. கோட்டைமேட்டில் பழைய காமிராக்களும் மூக்குக்கண்ணாடிகளும் விற்கும் ராவுத்தர் ஒருவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று சட்டைப்பைக்குள் மடங்கிப் போகும் பிலிம் காமிரா. தோலுறை புதிது போல் மணத்தது. எனக்கு அதைத்தான் பிடித்திருந்தது. இன்னொன்று தேக்குமரப் பெட்டி. கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்பது. முக்காலியோடு சேர்த்துத் தூக்கினால் தோள் இறங்கிவிடும்.

"சின்னது ஆறடிக்கு அந்தப்பக்கம் நிக்கிறவங்களுக்குத்தான் தம்பி. கிட்டப் போனா ஒண்ணும் தெரியாது. பூவை ஆறடி தள்ளி நிக்கச் சொல்லுவீங்களா?" என்றார் ராவுத்தர்.

பெட்டியின் துருத்தியை இழுத்துக் காட்டினார். முன்னால் இருக்கும் லென்சுக்கும் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே அது வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு நீண்டது. அப்படி நீண்டால்தான் பூ அதன் அளவிலேயே விழும். நான் துருத்தியின் மடிப்புகளை எண்ணினேன், இருபத்திரண்டு. வெயிலுக்கு நேரே பிடித்து ஓட்டை தேடினேன். மூன்று இருந்தன. அவர் கறுப்புக் காகிதம் ஒட்டித் தந்தார். ஒட்டியது காய்ந்துவிட்டதா என்று நான் நாலு முறை கேட்டதும், "காஞ்சிருச்சு தம்பி, நீங்கதான் இன்னும் காயலே" என்றார்.

எங்கள் பண்ணையின் பருத்தி ரகம் அந்த வருஷம் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் விதைக்காகப் பயிராகியிருந்தது. தகடுகள் ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு. முதல் நாள் நாலு தகட்டைக் கொண்டல் காற்று தின்றது. கண்ணுக்கு அசையாத பூ, தகட்டில் அசைந்திருந்தது. அடுத்த முறை தோட்டத்தின் சொந்தக்காரரிடம் ஒரு கறுப்புக் கம்பளி வாங்கி, இரண்டு குச்சி நட்டு, காற்று வரும் பக்கம் கட்டினேன். பூ நின்றது. லென்சின் மூடியை எடுத்து, வழக்கமான கணக்குப்படி ஆறு விநாடி வெளிச்சம் கொடுத்தேன். கழுவிப் பார்த்தபோது நாலு தகட்டிலும் புகை படிந்ததுபோல் ஏதோ இருந்தது, அவ்வளவுதான். தண்ணீரைச் சந்தேகித்தேன், மருந்தைச் சந்தேகித்தேன். பிறகு கணக்குப் போட்டேன். துருத்தி இரண்டு மடங்கு, ஆகவே நேரமும் இரண்டு மடங்கு, பன்னிரண்டு விநாடி.

மூன்றாவது முறை போனபோது மூன்று நாளும் நாலு தகடும் மிச்சம். மூன்றைப் பன்னிரண்டு விநாடிக்கு எடுத்தேன். நாலாவதற்கு லென்சின் மூடியைக் கையில் எடுத்து மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஏழில் இருக்கும்போது தோட்டக்காரர் வரப்பில் வந்து நின்றார்.

"ஏனுங்க, வெயில்ல நிக்கிறீங்களே, மோர் கொண்டாரச் சொல்லட்டுங்களா?"

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஏனுங்க என்று கூப்பிட்டு, நாம் வாய் திறக்காமல் நின்றால், அது மரியாதைக் குறைவு. அதுவும் அவர் தோட்டத்தில் நின்றுகொண்டு.

"வேண்டாமுங்க, குடிச்சுட்டுத்தான் வந்தேனுங்க."

"எங்கீங்க குடிச்சீங்க?"

"ஊட்டுலீங்க."

"கோயமுத்தூர் மோரு இவ்வளவு தூரம் தாங்குமுங்களா? எம்புள்ளயப் பாக்க வந்த மாப்பிள்ளகூட இத்தன நேரம் பாக்கலீங்க, நீங்க ஒரு பூவ இப்பிடிப் பாக்கறீங்க!"

"மாப்பிள்ள நாளைக்கும் வந்து பாக்கலாமுங்க. இது சாயந்தரம் செவந்துபோயிருமுங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதுதான் மூடி என் கையிலேயே இருப்பது தெரிந்தது. மூடினேன். எத்தனை விநாடி ஆனது என்று தெரியவில்லை. கடைசித் தகடு அது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வேறு என்ன வேலைக்கு மனுப் போடலாம் என்று யோசித்தேன். இரண்டுதான் தோன்றின.

இருட்டறையில் கழுவியபோது பன்னிரண்டு விநாடித் தகடுகளில் இதழ் மட்டும் தெரிந்தது, உள்ளே ஒன்றுமில்லை. கடைசித் தகட்டில் காம்புகள் ஒவ்வொன்றும் கடுகுபோல் தலையோடு நின்றன.

அதிகாரி படத்தை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இதே மாதிரி இன்னும் மூன்று ரகம் எடு. எத்தனை விநாடி கொடுத்தாய்?"

"நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் அறைக் கதவைத் தாழிட்டுக் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, தோட்டக்காரர் பேச்சையும் என் பேச்சையும் நானே பேசினேன். இரண்டு பேர் சிரிப்பையும் விடவில்லை. ஐந்து முறை பேசியதில் பதினேழு, பதினெட்டு, பதினாறு, பதினேழு, பதினேழு விநாடி. பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி, "யாருங்க உள்ள, மாப்பிள்ளயப் பத்திப் பேச்சு அடிபடுது?" என்று கேட்டார். ஒருவருமில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

முன்பே எண்ணியிருந்த ஏழும் இந்தப் பதினேழும் இருபத்துநாலு. ஆறைப்போல் நாலு மடங்கு. நீளம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகக் குறையும் என்பது அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் படித்த பாடம், அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியவன் நான்.

மறுநாள் அதிகாரியிடம், "இருபத்துநாலு" என்றேன். எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. புதுப் பெட்டித் தகட்டில் மூன்று ரகத்தையும் அதே நேரத்துக்கு எடுத்தேன், மூன்றும் சரியாக வந்தன. தை பாதியில் நிரந்தர உத்தரவு வந்தது. சிபாரிசுக் கடிதத்தின் நகலையும் கூட இணைத்திருந்தார்கள். வேலையில் ஒழுங்கு, கணக்கில் துல்லியம் என்று அதிகாரி எழுதியிருந்தார். நான் அதைத் திருத்தச் சொல்லவில்லை.