குளிர்க் காற்றும் என் வீட்டுக்காரர் முகமும்

கிள்ளானில் நான் வேலை பார்க்கும் அலுவலகம் இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. வலது முழங்காலில் வலி வந்த பிறகு, ஒரு படிக்கு ஒரு 'அம்மா' என்று முனகிக்கொண்டேதான் ஏறுவேன். கேட்கச் சகிக்காமல் பக்கத்து மேசைத் தோழி ஒரு நாள் சொன்னாள்: "கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு இடத்துல வலிக்குற இடத்துக்கு மட்டும் குளிர்க் காத்து அடிக்கிறாங்க. போய்த்தான் பாரேன் லா."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஐஸுக்கா கேஎல் வரைக்கும் போற? நம்ம ஃபிரிட்ஜ் என்ன பண்ணுது?"

நான் கண்டுகொள்ளவில்லை. சனிக்கிழமை காலை ரயிலேறிப் போனேன். தெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். சர்க்கரை உண்டா, காலில் மரமரப்பு உண்டா, குளிர் பட்டால் தோல் தடிக்குமா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டுத்தான் குளிர்க் காற்று மெஷினின் குழாயைக் கையில் எடுத்தாள். வெள்ளைப் புகையாகக் காற்று வந்தது. முதலில் சில்லென்றது, அப்புறம் ஊசி குத்தியது, அப்புறம் அந்த முழங்கால் யாருடையதோ என்றாகிவிட்டது. குழாயை அவள் ஒரே இடத்தில் நிறுத்தவே இல்லை. சில நிமிடத்தில் முடிந்தது.

"இது வலியை அமுக்கும், அவ்வளவுதான் ஆன்டி. பயிற்சி செஞ்சாத்தான் கால் தேறும்" என்று நாலு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தாள்.

நான் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பதைப் பார்த்ததும் இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பூப்பந்து ஆடி ஆடி இவருக்குக் குதிகால் வலி. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துக்கொண்டே, ஃபிரீசரில் கல்லாக உறைந்திருந்த பச்சைப் பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து வெறும் குதிகாலில் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டார். அப்படியே தூங்கியும் போனார். விழித்தபோது குதிகால் வெளுத்து, பிறகு சிவந்து, கொப்புளமே வந்துவிட்டது. டாக்டர் மருந்து கொடுத்து அனுப்பினார். பொட்டலம் பிரியாமல் இருந்ததால் பட்டாணியை நான் குருமா வைத்துவிட்டேன். இவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் எந்தப் பட்டாணி என்று சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை, எனக்கு முன்னாலேயே சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார். அன்று மாலை கிள்ளானில் சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு வேறு இருந்தது.

தெரபிஸ்ட் குதிகாலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "இது ஆறுற வரைக்கும் இங்க குளிரே படக்கூடாது அங்கிள். ஐஸ் வச்சா நடுவுல துணி போடணும், பத்து நிமிஷத்துல எடுத்துடணும்."

இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போவதா? எனக்குள் குறும்பு எட்டிப் பார்த்தது. "அப்போ முகத்துக்குப் பண்ணிவிடும்மா" என்றேன்.

"முகத்துக்கா? நான் என்ன கல்யாணப் பொண்ணா?"

"கண்ணுக்குக் கீழ வீக்கம் கொஞ்சம் வடியும் அங்கிள். ஆனா இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் தாங்கும்."

ஒரு நாள் போதாதா! கண்ணில் துணியை வைத்துப் படுக்கவைத்தாள். முதலில் "ஐயோ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய குரலில், "மூக்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் காட்டும்மா" என்றார். திரும்பும் ரயிலில் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மண்டபத்தில் நுழைந்ததுமே இவருடைய அண்ணன் பிடித்துக்கொண்டார். "என்னடா, முகம் பளபளன்னு இருக்கு?"

"இளநீர்ண்ணே. தினம் ஒண்ணு."

அதோடு விட்டிருக்கலாம். வழுக்கையோடு சாப்பிட வேண்டும், காலை வெயில் ஏறுவதற்குள் குடிக்க வேண்டும் என்று சுற்றி நின்ற நாலு பேருக்குப் பிரசங்கமே செய்ய ஆரம்பித்துவிட்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. என் ஓரகத்தி காதில் மட்டும் உண்மையைப் போட்டேன். அது போதும். மேசைக்குச் சோறு வருவதற்குள் மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. சிரிப்புச் சத்தத்தில் இவர் காது சிவந்து, தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். எனக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் அண்ணன் எங்கள் மேசைக்கு வந்தார். இன்னும் கேலி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ குனிந்து, தம்பி காதோரம் கேட்டார்: "அந்த இடம் சனிக்கிழமை தொறந்திருக்குமாடா?"

அடுத்த வாரம் ரயில் இல்லை, அண்ணனுடைய கார். முன்னால் இவரும் அண்ணனும், பின்னால் என்னோடு அண்ணனின் சம்பந்தி. தெரபிஸ்ட் முதலில் அண்ணனிடம் கேட்டாள்.

"உங்களுக்கு எங்க வலி அங்கிள்?"

"முட்டிதான்மா."

"எந்த முட்டி?"

அண்ணன் வலதைத் தொட்டார், யோசித்தார், இடதைத் தொட்டார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவசர அவசரமாகக் கைப்பேசியை எடுத்து, வராத அழைப்புக்கு "ஹலோ" சொல்லிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன்.