அம்மா இருக்கும் லேயர்

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஐந்து நாட்கள் இருந்தபோதுதான், மாலை போட வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை என்பது உறைத்தது. ஆதார் அட்டையில் இருப்பது அம்மாவே அல்ல, திருட்டுக் கேஸில் பிடித்துவந்து நிறுத்திய யாரோ ஒருத்தி. என் போனில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருந்தன. தேயிலைச் செடி, மூடுபனி, பைக்காரா படகு, தம்பி, தம்பியின் பைக். அம்மா எதிலும் முழுசாக இல்லை. ஒன்றில் முதுகு, இன்னொன்றில் சேலைத் தலைப்பு. போனைத் தூக்கினாலே நகர்ந்துவிடுவாள். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

ஒரே ஒரு நல்ல படம் உண்டு. அது எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்பில் எங்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தார்கள். வாங்கும்போது பெற்றோரில் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று எங்கள் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கிளென்மார்கன் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா அரைநாள் லீவு சொல்லிவிட்டு, செடியை விட்டு நேராகப் பள்ளிக்கு வந்து நின்றாள். தலையில் ஸ்கார்ஃப், ஆண்கள் போடும் ஸ்வெட்டர், இடுப்பில் கறுத்துப்போன படங்கு. செடி கிழிக்காமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற அந்த முரட்டுத் துணியை வரும் வழியில் அவிழ்க்க அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு டீச்சர் எங்கள் இருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்ததும் ஹாஸ்டலில் ஒரு சீனியர் படங்களைத் திருத்தும் சாப்ட்வேர் ஒன்றை ஏற்றிக்கொடுத்தாள். அதில் நான் செய்த முதல் வேலை, அந்தப் படத்திலிருந்து அம்மாவை எடுத்தது. அவள் நின்ற இடத்தில் பள்ளிச் சுவரை நீட்டி ஒட்டினேன். ஃபைலுக்கு 'அம்மா இல்லாமல்' என்று பெயர் வைத்தேன். பக்கத்தில் எஸ்டேட்டின் அடையாளமே இல்லாத அந்த முகம்தான் ரொம்ப நாள் இணையத்தில் என் முகப்புப் படம். டீச்சர் கொடுத்த அசல் எப்போதோ போய்விட்டது. ஆனால் அந்த ஃபைலில் அம்மா இருந்தாள். அதில் ஒவ்வொன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தனி லேயராகத்தான் சேமிக்கப்படும், அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும். திறக்க அந்த சாப்ட்வேர் வேண்டும். அதுவோ, மடிக்கணினியை ஒருமுறை ஃபார்மேட் செய்தபோது போய்விட்டது; வேறு டிரைவில் இருந்த ஃபைல் மட்டும் தப்பியது.

இத்தனை வருடம் அந்த மடிக்கணினி பிழைத்திருந்ததே அம்மாவால்தான். மழைக்காலத்தில், எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லயத்து வீட்டின் சுவர் கசியும், துணியெல்லாம் பூஞ்சை பிடிக்கும். ஈரம் ஏறக்கூடாதென்று அதைக் கம்பளியில் சுற்றி, படங்கைக் காயப்போடுகிற அடுப்புக்கு மேல் பலகையில் வைப்பாள். சூட்டில் பேட்டரி உப்பிப்போய், கழற்றி எறிய வேண்டியதாயிற்று. மிஷினைக் கொண்டுபோய் யாராவது அடுப்புக்கு மேல் வைப்பார்களா என்று கத்தினேன். அடுத்த நாளிலிருந்து பலகையின் மறு ஓரத்தில் வைத்தாள். அவளை அழித்த ஃபைலும் அதற்குள் பத்திரமாக இருந்தது.

ஊட்டியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, இது இன்னும் ஓடுதுங்களா? புது சாப்ட்வேர் எதும் இதுல ஏறாதுங்க. அந்த ஃபைல மட்டும் குடுங்க, நானே இங்க ஓப்பன் பண்ணி பிரிண்ட் போட்டுத் தர்றனுங்க."

ஐந்து நிமிட வேலை. ஃபைலின் பெயரை மாற்றிவிடலாம், திறந்தால் நான் செய்திருப்பதை மாற்ற முடியாதே. "வேண்டாங்க, நானே பாத்துக்கறேன்" என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பழைய வெர்ஷன் ஒன்றைத் தேடிப்பிடித்து பென்டிரைவில் போட்டுக்கொடுத்தார். "இது காலாவதி ஆனதுங்க. கம்ப்யூட்டர்ல தேதிய ஒரு பத்து வருசம் பின்னால தள்ளி வெச்சு ஏத்துங்க. ஏமாந்துக்கும்."

முதல் தடவை இடம் போதாது என்றது. கல்லூரிப் பாடங்களையெல்லாம் அழித்தேன். இரண்டாம் தடவை பாதியில் நின்றது, நின்றதுதான். மூன்றாம் தடவை முடியப்போகிற நேரத்தில் காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது. தண்ணீரிலிருந்து ஊருக்கெல்லாம் கரண்ட் எடுக்கிற மலை எங்களுடையது, பெருமைக்குக் குறைச்சல் இல்லை. பேட்டரி இல்லாத மடிக்கணினி ஊதி அணைத்த மாதிரி அணைந்தது. கீபோர்டை ஓங்கிக் குத்தினேன். ஒரு பொத்தான் கழன்று விழுந்தது. அதைத் தேடித் தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. சாவுக்கு அழாத அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது.

மறுநாள் மத்தியானம் கரண்ட் வந்ததும் மறுபடி தேதியைப் பின்னால் தள்ளினேன். திரையின் மூலையில் அம்மா உயிரோடு இருந்த வருடம் வந்தது. இந்த முறை ஏறிவிட்டது.

அதற்குள், சாவு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்த தம்பி திருப்பூரிலிருந்து வந்துவிட்டான். டீயோடு பக்கத்தில் உட்கார்ந்தவனை எழுந்து போ என்று எப்படிச் சொல்வது? ஃபைலைத் திறந்தேன். சுவருக்கு முன்னால் நான் மட்டும் நின்றேன். சுவர் லேயரை மறைத்தேன். அம்மா வந்தாள். பல் தெரியச் சிரித்துக்கொண்டு, என் தோளில் கை போட்டுக்கொண்டு, படங்கோடு.

தம்பி மேலே இருந்த பெயரைப் படித்தான்.

"அம்மாவுக்குத் தெரியும்க்கா" என்றான். "நீ ஹாஸ்டல்ல இருக்கறப்ப உன் போட்டோவ என் போன்ல காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துச்சு. 'நல்லாத்தான் பண்ணிருக்கா. நான்தான் படங்கோட போய் நின்னுட்டேன்'னுச்சு. உன்கிட்ட இதப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொல்லிருச்சு. அதுக்கப்புறம்தான் போட்டோன்னாலே ஒதுங்க ஆரம்பிச்சது."

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அந்தப் படத்தை அப்படியே பெரிதாக்கி மாட்டுவது என்று முடிவு செய்தேன். படங்கு, ஸ்கார்ஃப், என் சுருங்கிய முகம், எல்லாவற்றோடும். அடுத்த லயத்துப் பெரியம்மா வந்து திரையைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"உசுரோட இருக்கிற புள்ள படத்துக்கு யாராச்சும் மாலை போடுவாங்களா? அவள மட்டும் தனியா எடும்மா."

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றேன். நான் போனால் போகிறேன் என்றும் ஏதோ உளறினேன். பெரியம்மா அழ ஆரம்பித்தாள். "உங்கம்மா இதுக்கு ஒத்துக்குவாளா, சொல்லு" என்றாள். ஒத்துக்கொள்ள மாட்டாள். அது எனக்கே தெரியும்.

அதனால் உட்கார்ந்து என்னை அழித்தேன். அன்றைக்கு அம்மாவை அழிக்க ஒரு பகல் முழுக்க ஆனது, தோளில் இருந்த விரல்களை மறைக்கத்தான் அத்தனை பாடு. என்னை அழிக்க அரைமணி நேரம் போதுமாக இருந்தது. நான் நின்ற இடத்தில் சுவரை நீட்டினேன். அம்மாவின் கையை மட்டும் அழிக்க முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

காரியத்துக்கு வந்தவர்கள் படம் நன்றாக வந்திருக்கிறது, அவளேதான் என்றார்கள். அம்மாவோடு வேலை செய்த ஒருத்தி மட்டும் மாலைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள்.

"ஏன் கையை இப்படி நீட்டிக்கிட்டு நிக்கிறா?" என்று கேட்டாள்.

"பக்கத்துல நான் நின்னேன்" என்றேன்.